யார் இந்தப் பெற்றோர்?

செய்தித்தாளையும் இலக்கியப் பிரதி போல வாசிக்க வேண்டும் என்று நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். பேசுவதோடு சரி. கதையையும் கவிதையையும் கட்டுடைக்கத் தெரிந்த நாம், காலையில் டீக்கடையில் கையிலெடுக்கிற தாளில் ஒரு வாக்கியம் யாருடைய வாயாகப் பேசுகிறது என்று கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சொல்லை. 'பெற்றோர்' என்ற சொல். அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை யார் வைத்திருக்கிறார்கள், யாரிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. செய்தித்தாளோடு நிற்காமல் நம்முடைய தலித் இலக்கியத்தையும் இதே கேள்வியோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்து உசிலம்பட்டி செய்தியாயிற்று. மதுரைப் பக்கத்து உசிலம்பட்டி இல்லை, எட்டயபுரத்தை அடுத்த சின்ன கரிசல் கிராமம். அங்கே இருந்த தொடக்கப்பள்ளியில் மொத்தமே 11 பிள்ளைகள். அரசின் காலை உணவைச் சமைத்தவர் ஒரு தலித் பெண். பெரும்பாலான பிள்ளைகள் அந்தச் சோற்றைத் தொடவில்லை. வீட்டில் தொடக்கூடாதென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிறகு கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் மாவட்ட ஆட்சியரும் அந்தப் பள்ளிக்கே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படம் வந்தது. பிரச்சினை முடிந்தது என்று செய்தியும் முடிந்தது.

அதே மாதத்தில் கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூரிலும் இதே கதை. அங்கே ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார், சட்டப்படி நடவடிக்கை வரும் என்று எச்சரித்தார். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்க விடமாட்டோம் என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். அதிகாரிகள் முதலில் செய்த வேலை அந்தப் பெண்ணை வேறு பள்ளிக்கு மாற்றியதுதான். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

மூன்று ஊர், மூன்று மாவட்டம். ஆனால் எழுதப்பட்ட வடிவம் ஒன்றுதான். ஒரு பக்கம் 'சமையலர்'. மறுபக்கம் 'பெற்றோர்'. இந்த எதிர்நிலையைப் பாருங்கள். சமையலர் என்பது வேலை. பெற்றோர் என்பது உறவு. வேலைக்காரரை மாற்றலாம், பெற்றோரை மாற்ற முடியாது. வேலைக்காரருக்குச் சம்பளம், பெற்றோருக்குப் பாசம், கவலை, உரிமை. வாக்கியம் எழுதி முடிப்பதற்குள்ளேயே யார் பக்கம் நியாயம் கூடுதல் என்று வாசகன் மனதில் விழுந்துவிடுகிறது. 'சாதி இந்துக்கள் தலித் பெண் சமைத்த சோற்றை மறுத்தார்கள்' என்றால் அது குற்றம். 'சமையலருக்குப் பெற்றோர் எதிர்ப்பு' என்றால் அது பள்ளி நிர்வாகப் பிரச்சினை.

இதில் மறைக்கப்படுகிற உண்மை ஒன்று உண்டு. காலை உணவுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைப்படி, சமைக்கிற பெண் மகளிர் சுயஉதவிக் குழு உறுப்பினராக இருக்க வேண்டும். அதே ஊரில் குடியிருக்க வேண்டும். அவருடைய பிள்ளை அதே பள்ளியில் படிக்க வேண்டும். பிள்ளை அந்தப் பள்ளியை விட்டுப் போனால் அவர் இடத்துக்கு வேறொருவர் வர வேண்டும். விதியின் பொருள் என்ன? அடுப்படியில் நிற்கிற பெண் அந்தப் பள்ளியின் பெற்றோர்களில் ஒருத்தி. பெற்றவள் என்பதால்தான் அவளுக்கு அந்த வேலையே கிடைக்கிறது. தன் பிள்ளைக்கும் ஊரான் பிள்ளைக்கும் ஒரே சட்டியில் பொங்கல் கிண்டுகிற தாய் அவள். ஆக, அந்த விதிப்படி பார்த்தால் அங்கே நடப்பது சமையலருக்கும் பெற்றோருக்கும் இடையிலான தகராறு ஆகாது. ஒரு பெற்றோரை இன்னொரு பெற்றோர் பெற்றோராகவே எண்ண மறுப்பது அது. அரசாணை அவளைத் தாய் என்கிறது. செய்தித்தாள் அவளைச் சமையலர் என்கிறது. ஊர் அவளை என்ன சொல்லிக் கூப்பிடும் என்று நமக்குத் தெரியும், இங்கே எழுத வேண்டியதில்லை.

*

இது நடந்த மண்ணையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது இதே எட்டயபுரத்தில்தான். மழை பொய்த்தால் சோறு பொய்க்கும் கரிசல் பூமி. பிறகு 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு. 2023 ஆகஸ்டு 25இல் அது எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. விரிந்து ஒரு மாதம் ஆவதற்குள் உசிலம்பட்டி. சோறு போட்டால் பிள்ளைகள் வரும் என்ற கணக்கு சரியாகத்தான் இருந்தது. யார் கையால் சோறு என்ற கணக்கைத்தான் அரசு போடவே இல்லை. உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில், மதிய உணவு சமைக்கிற வேலையில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. தமிழ்நாடு உட்பட 5 மாநிலங்களில் 531 கிராமங்களில் எடுக்கப்பட்டு 2005இல் வெளியான சுகதேவ் தோரட், ஜோயல் லீ ஆகியோரின் ஆய்வு, தலித் சமையலருக்கு எதிர்ப்பு என்பது பல மாநிலங்களில் இருப்பதை எடுத்துக் காட்டியது. யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை இது.

இந்தச் சோறு யாருக்கு என்ன என்பதும் ஒன்றுபோல இல்லை. தூத்துக்குடியைச் சுற்றி அளத்துக்குப் போகிற பெண்களைக் கேட்டால் தெரியும். வெயில் ஏறும் முன் வேலையை முடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார்கள். பிள்ளை எழுந்திருக்கும்போது அம்மா உப்புப் பாத்தியில் நிற்பாள். நானும் அப்படி வளர்ந்த ஆள்தான். முந்தின நாள் ராத்திரி வடித்த சோற்றில் தண்ணி ஊற்றி மூடி வைத்துவிட்டுப் போவாள் எங்கம்மா. அதையும் சாப்பிடாமல் பள்ளிக்கூடம் போன நாள்கள் நிறைய. அப்படிப்பட்ட வீட்டுக்குக் காலை எட்டு மணிக்குச் சூடாக ஒரு தட்டு உப்புமா என்பது வெறும் திட்டம் இல்லை. அம்மா இல்லாத நேரத்துக்கு இன்னொரு அம்மா. இந்தச் சோற்றைத் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வர முடிகிற பிள்ளையின் பெற்றோர் வேறு, இதை விட்டால் மத்தியானம் வரைக்கும் ஒன்றுமில்லை என்ற பிள்ளையின் பெற்றோர் வேறு. இருவரையும் ஒரே பன்மையில் 'பெற்றோர்' என்று எழுதுவது எப்படி நியாயம்?

*

ஒரே பள்ளிக்கூடம்தான். ஆனால் இரண்டு விதமான பெற்றோருக்கு அது இரண்டு விதமான இடம். இதைச் சொற்களிலேயே காட்டலாம்.

சாதி இந்துப் பெற்றோர் செய்வதற்குப் பெயர் 'எதிர்ப்பு'. தலித் பெற்றோர் செய்வதற்குப் பெயர் 'புகார்'. எதிர்ப்பு என்றால் கூட்டம் கூடிப் பள்ளி வாசலில் நிற்பது. டி.சி.யைக் கொடுங்கள் என்று கேட்பது. அந்த டி.சி. ஒரு ஆயுதம். பத்துப் பதினைந்து பிள்ளைகள் படிக்கிற ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்து பேர் டி.சி. வாங்கினால் பள்ளியையே இழுத்து மூட வேண்டியது வரும், ஆசிரியர் இடம் போகும். ஆகவே எதிர்ப்பு என்றால் அதிகாரிகள் ஊருக்கு வருவார்கள். சமாதானம் பேசுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டுவார்கள்.

புகார் என்றால் ஒரு தாய் தனியாகப் போவது. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே பாலக்கரை ஒன்றிய தொடக்கப்பள்ளியில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார்கள். ஒரு பையனுக்கு டெங்கு காய்ச்சல் வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது, அவனுடைய தாய் கொடுத்த புகாரில் தலைமை ஆசிரியை கைதானார். இங்கே அந்தத் தாய் எத்தனை படி ஏற வேண்டியிருந்தது என்று பாருங்கள். முதலில் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போக வேண்டும். பிறகு அவன் வாய் திறக்க வேண்டும். பிறகு அவள் நம்ப வேண்டும். பிறகு காவல் நிலையம் போக வேண்டும். எதிர்ப்பவர்களுக்குப் பிள்ளை சாப்பிடாமல் இருந்தாலே போதும். புகார் கொடுப்பவளுக்குப் பிள்ளை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. அமைச்சரும் எம்.பி.யும் போய்ச் சாப்பிட்டதை நான் குறை சொல்லவில்லை. அது வேண்டியிருந்தது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஆனால் அந்தக் காட்சி யாரைப் பார்த்து நடத்தப்பட்டது? மறுத்த பெற்றோரைப் பார்த்து. 'பாருங்கள், நாங்களே சாப்பிடுகிறோம், நீங்களும் சாப்பிடலாம்' என்று அவர்களுக்குத் தைரியம் சொல்வதற்காக. தீண்டாமையை ஒரு பயம் போல, ஒரு கூச்சம் போல, பக்குவமாகப் போக்க வேண்டிய விஷயம் போலக் காட்டுகிற காட்சி அது. சமைத்த கைக்கு என்ன சொல்லப்பட்டது, மறுக்கப்பட்ட சோற்றைத் திரும்ப அள்ளிய நாள்களில் அவள் பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது என்பதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

செய்தித்தாள்களின் இன்னொரு பழைய தந்திரமும் உண்டு. 'ஒரு பிரிவினர்', 'மற்றொரு தரப்பினர்', 'குறிப்பிட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்'. சாதிப் பெயர் சொல்லக் கூடாது என்ற நாகரிகமாம். சாதி செய்கிறவனுக்கு நாகரிகம், சாதியால் செத்தவனுக்குப் பெயரில்லை. இந்த மொழியில் தலித் அல்லாதவர் மட்டும் எந்த அடைமொழியும் இல்லாமல் 'பொதுமக்கள்', 'ஊர்மக்கள்', 'பெற்றோர்' என்று வருவார்கள். சேரி ஊரில் சேராதது போல, சேரிக்காரன் பெற்றோரிலும் சேரவில்லை.

*

பெற்றோர் என்பது உறவுச் சொல் மட்டுமில்லை. இன்றைக்கு அது ஒரு பதவியும் கூட. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதாசாரப்படி இடம் தர வேண்டும். பாதிப்பேர் பெண்கள். காகிதத்தில் இதைவிடச் சனநாயகம் கிடையாது. பள்ளியின் கணக்கு, கட்டடம், சோறு எல்லாவற்றையும் கேள்வி கேட்க ஒரு நாற்காலி பெற்றோருக்கு வந்திருக்கிறது.

நாற்காலி வந்த உடனே என்ன நடக்கும் என்பதை நம் மாவட்டத்துக் குளத்தூர் காட்டியது. விளாத்திகுளம் வட்டம், கடலுக்குப் பக்கம். 2022 ஜூனில் ஒரு ஒலிப்பதிவு பரவியது. அங்குள்ள அரசு மேல்நிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவன் ஒருவனிடம் தொலைபேசியில் சாதியைப் பற்றிப் பேசுகிறார். பேச்சின் மையம் பெற்றோர் ஆசிரியர் கழகத் தேர்தல். தலித்துகள் அந்தப் பதவிக்கு வந்துவிடக் கூடாது என்பதே கவலை. இரண்டு ஆசிரியைகள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

அது மேல்நிலைப்பள்ளி. ஆனாலும் தொடக்கப்பள்ளியில் நடப்பதன் உள்குத்து அந்தப் பேச்சில் வெட்ட வெளிச்சமானது. தலித் பிள்ளை வகுப்பில் உட்காரலாம், சட்டம் இருக்கிறது. தலித் பிள்ளை நல்ல மார்க் வாங்கலாம், வாங்கினால் பள்ளிக்குப் பெருமை. ஆனால் தலித் பிள்ளையின் அப்பனோ ஆத்தாளோ அந்தப் பள்ளியின் 'பெற்றோர்' என்ற பெயரில் தலைமை நாற்காலியில் உட்காரக் கூடாது. மாணவனாக ஏற்றுக்கொள்வார்கள், பயனாளியாக ஏற்றுக்கொள்வார்கள். உரிமைக்காரனாக மட்டும் ஏற்க மாட்டார்கள். உசிலம்பட்டியில் அடுப்படியில் நடந்தது குளத்தூரில் நாற்காலியில் நடந்தது.

கடற்கரையில் இதற்கு இன்னொரு முகம். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரைக்கும் கடலோரத்தில் பல ஊர்களில் பள்ளிக்கூடம் என்றால் பங்குக் கோயில் நடத்துகிற அரசு உதவிபெறும் பள்ளிதான். சம்பளம் அரசு கொடுக்கும், சாவி கோயிலில் இருக்கும். முத்துக்குளித்துறையில் எழுத்தறிவு வந்த வழி அது, மறுக்க முடியாது. ஆனால் அங்கே பெற்றோர் என்றால் முதலில் பங்கு மக்கள். பங்கைச் சேராத உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளையும், பங்கைச் சேர்ந்தும் சேராத தலித் கிறித்தவர் பிள்ளையும் எந்தப் பெயரில் அந்த வாசலில் நிற்பது? தலித் கிறித்தவருக்கு அரசுப் பட்டியலிலும் தாழ்த்தப்பட்டோர் என்ற இடம் கிடையாது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை அந்தக் கதவை மூடியது. கிராமப்புறத்து உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவு 2024 ஜூலையில்தான் வந்தது, நகரத்தில் 2025 ஆகஸ்டில். இனிமேல் அந்த அடுப்படிகளில் யார் நிற்பார், யார் மறுப்பார் என்பதை நாம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

*

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். செய்தித்தாள் தலித் பெற்றோரை அழித்துவிட்டது என்று குற்றம் சாட்டுகிறேன். நம்முடைய இலக்கியம் அவர்களை எழுதியிருக்கிறதா?

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் தன் பள்ளி நாள்களைச் சொல்கிறார். கோயமுத்தூரில் ஏறக்குறைய 400 பேர் படித்த கலாசாலையில் பத்துப் பேர் தவிர மற்றவர் பிராமணர். சாதி தெரிந்துவிடும் என்று பயந்து மற்ற பிள்ளைகளோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியே இருந்ததை எழுதுகிறார். தமிழில் தலித் தன்வரலாறு பிறக்கும்போதே பள்ளிக்கூடக் காயத்தோடு பிறந்தது. ஆனால் அந்தப் பையனை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள், சேர்த்துவிட்டு வீட்டில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள், அவர்கள் என்ன நினைத்தார்கள்?

1992இல் பாமாவின் 'கருக்கு'. அதில் தேங்காய் திருடியதாகப் பழி விழுகிற இடத்தை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சாதியைச் சொல்லித் தலைமையாசிரியர் திட்டுகிறார், பள்ளிக்குள் வராதே என்கிறார், சாமியாரிடம் போனால் அங்கேயும் அதே பார்வை. அந்தச் சின்னப்பிள்ளை தன்னந்தனியாகத்தான் அலைகிறது. பெற்றவர்கள் வந்து 'ஏன்யா எம்பிள்ளையைச் சொன்னே' என்று கேட்கவில்லை. இது பாமாவின் குறை கிடையாது, அன்றைய நிலைமையே அதுதான். கேட்கப் போனால் கூலி போகும், ஊரில் இருக்க முடியாது. படிப்பு ஒன்றுதான் வழி என்று சொல்ல அந்தப் புத்தகத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார்.

அந்த அண்ணன் ராஜ் கௌதமன். அவர் 2002இல் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்' நாவலும் அதே புதுப்பட்டி மண்ணிலிருந்து வந்தது. தன்வாழ்க்கையை ஒட்டிய நாவல். பட்டாளத்துக்காரத் தகப்பன், லீவில் வந்தால் வீடே நடுங்கும். பையன் ஓடுகிறான், படிக்கிறான், ஏமாற்றுகிறான், சிரிக்கிறான். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள், இரண்டு புத்தகம். நம் இலக்கியத்தில் இப்படி ஒரு வாய்ப்பு அரிது. ஒரே பெற்றோரை மகள் கண்ணாலும் பார்க்கலாம், மகன் கண்ணாலும் பார்க்கலாம். ஆனால் இரண்டிலும் பள்ளிக்கூடம் பிள்ளையின் பெஞ்சியிலிருந்துதான் தெரிகிறது. பட்டாளத்திலிருந்து பணம் அனுப்பிய தகப்பனும், காட்டுவேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளைகளை வளர்த்த தாயும் அந்தப் பள்ளியைப் பற்றித் தங்கள் பங்கைச் சொல்லியிருந்தால் மூன்றாவதாக ஒரு புத்தகம் வந்திருக்கும். ராஜ் கௌதமன் 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் விட்டுப்போன வேலைகளில் இதுவும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் மாவட்டத்துக் கதைக்கு வந்தால், மாரி செல்வராஜின் 'வாழை' (2024). திருவைகுண்டம் பக்கத்து வாழைத்தார் சுமக்கிற கூலிக் குடும்பம். பையனுக்கு அரசுப் பள்ளி சொர்க்கம், ஆசிரியை தேவதை. லீவு நாள் வந்தால் தார் தூக்க வேண்டும். அவனை வேலைக்குத் தள்ளுகிறவள் தாய். பார்க்கிறவர்களுக்கு முதலில் அந்தத் தாய் மேல் கோபம்தான் வரும். ஆனால் அந்தப் படம் அவளுக்குக் காரணம் சொல்ல இடம் கொடுத்தது. முன்பணம் வாங்கிய கடன், தகப்பனில்லாத வீடு, நாளைக்கு நான் விழுந்துவிட்டால் நீ எப்படிப் பிழைப்பாய் என்ற பயம். பள்ளிக்கூடம் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்பதும் தாய்க்கு எப்படி இருக்கிறது என்பதும் ஒன்றல்ல என்று தமிழில் அழுத்தமாகக் காட்டிய இடம் என்று நான் அதைச் சொல்வேன். அது படத்தின் பெரிய குணம். விமர்சகர்கள் ஆசிரியையின் அழகைப் பற்றியும் பையனின் நடிப்பைப் பற்றியும் எழுதினார்கள். தாயின் கணக்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) வேறு வழி காட்டுகிறது. உத்தரப் பிரதேசத்து பர்லா கிராமத் தொடக்கப்பள்ளி. தலைமையாசிரியர் அந்தப் பையனை வகுப்பில் உட்கார விடாமல் மூன்று நாள் பள்ளியைக் கூட்ட வைக்கிறார். மூன்றாம் நாள் அந்த வழியாகப் போன தகப்பன் பார்த்துவிடுகிறார். மகன் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கி எறிகிறார். தலைமையாசிரியரைத் துரோணாச்சாரி என்று சொல்லிச் சத்தம் போடுகிறார். பிறகு மகனை மறுபடி சேர்க்கச் சொல்லி மேல்சாதிக்காரர் வீட்டு வாசல் வாசலாக ஏறி இறங்குகிறார். கல்வி எதற்கு உனக்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். கடைசியில் ஊர்த்தலைவரிடம் போய்க் காரியத்தை முடிக்கிறார். அந்தத் தகப்பனுக்கு எழுத்து தெரியாது. ஆனால் புத்தகத்தில் அவர் பெற்றோராக நிற்கிறார், சத்தம் போடுகிறார், தோற்கிறார், மறுபடி போகிறார். அவர் சத்தம் போட்ட அந்த ஒரு நாள் இல்லையென்றால் அந்தப் புத்தகமே இல்லை.

நம் தன்வரலாறுகள் பெரும்பாலும் படித்து வெளியேறிய பிள்ளையின் வரலாறுகள். எழுதத் தெரிந்தவன்தானே எழுத முடியும் என்பது உண்மை. ஆனால் அதனாலேயே ஒரு சாய்வு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவனின் கதை சாதனையாகிறது. அவனை அனுப்பியவளின் கதை பின்னணியாகிறது. நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். என் பள்ளிக்கூடத்துக்கு எங்கம்மா இரண்டு முறைதான் வந்தாள். சேர்க்க ஒரு தடவை, டி.சி. வாங்க ஒரு தடவை. இரண்டு தடவையும் கைநாட்டு. அந்த இரண்டு கைநாட்டுக்கும் நடுவில் அவள் என்னென்ன கேள்விப்பட்டாள், எதையெல்லாம் கேட்காதது போல இருந்தாள் என்பது அவளுடைய அனுபவம். எனக்குக் கிடைத்த பள்ளிக்கூடமும் அவளுக்குக் கிடைத்த பள்ளிக்கூடமும் வேறு வேறு. என்னுடையதை எழுதுவதற்கு எனக்கு இலக்கிய வடிவம் இருக்கிறது. அவளுடையதற்கு இன்னும் இல்லை.

*

'இப்போதுதான் நம்ம ஆளுகளே ஆங்கிலப் பள்ளிக்கு வேன் ஏற்றி அனுப்புகிறார்களே, இந்த ஒன்றியப் பள்ளியைக் கட்டிக்கொண்டு ஏன் அழ வேண்டும்' என்று தோழர்கள் கேட்பார்கள். வேனுக்குக் கட்ட முடிகிறவர்கள் போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் வேனுக்குக் கட்ட முடியாதவளுக்கு மிச்சமிருக்கிற பள்ளி இதுதான். சாதிப் பெற்றோர் டி.சி. வாங்கிப் போய்விட்டால் அது தானாகவே சேரிப் பள்ளி ஆகும், பிறகு பிள்ளை எண்ணிக்கை குறைவு என்று மூடப்படும். பொதுப்பள்ளியைப் பொதுவாக வைத்திருப்பது தலித் பெற்றோர் தலையில் விழுந்த வேலையாகிவிட்டது.

இது நம் நாட்டில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1960இல் நியூ ஆர்லியன்ஸ் வில்லியம் பிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளியில் ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி சேர்ந்தபோது, வெள்ளைப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வருசம் முழுக்க ஒரே ஆசிரியை, ஒரே பிள்ளை. ரூபியின் தகப்பனுக்கு வேலை போனது. பெற்றோர் என்ற பெயரில் நடக்கும் வெறி எந்த மொழியிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954இல் வந்த தீர்ப்புக்குப் பெயர் 'பிரவுன்' வழக்கு. பிரவுன் என்பவர் டொபீகா நகரில் தன் மகளுக்காக வழக்குப் போட்ட தகப்பன் ஆலிவர் பிரவுன். அவரோடு சேர்ந்து வழக்குப் போட்டவர்களும் பெற்றோரே. ஒரு கறுப்பினத் தகப்பனின் பெயரே சட்டத்தின் பெயராயிற்று. சட்டம் படிக்கிற எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்.

நமக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. நம் பெற்றோரின் உழைப்புக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு 1995 ஆகஸ்டு 31 கொடியங்குளம் சாட்சி. இதே மாவட்டம். நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் ஊருக்குள் புகுந்து நொறுக்கினார்கள். வெளிநாடு போய்ச் சம்பாதித்தவர்களின் பாஸ்போர்ட்டுகளோடு பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களையும் அழித்தார்கள். டி.வி.யை உடைத்தால் பொறாமை என்று சொல்லலாம். சான்றிதழை ஏன் அழிக்க வேண்டும்? அது பிள்ளை வாங்கிய காகிதம் மட்டுமில்லை, பெற்றவர்கள் பதினைந்து வருசம் பட்ட பாடு. அது எங்கே வலிக்கும் என்று தெரிந்தே கை வைத்தார்கள். அந்தச் சான்றிதழ்களைப் பற்றி மனித உரிமை அறிக்கைகள் எழுதின. அவற்றை வாங்கிக்கொடுத்த தாய்மாரும் தகப்பன்மாரும் தங்கள் வாயால் சொன்னது எங்கே தொகுக்கப்பட்டிருக்கிறது?

ஆகவே நான் கேட்பது இது. செய்தித்தாளில் எழுதுகிற நம் நண்பர்கள் 'பெற்றோர் எதிர்ப்பு' என்று இனி எழுத வேண்டாம். எந்தச் சாதிப் பெற்றோர், எதை, யாருக்கு எதிராகச் செய்தார்கள் என்று எழுதட்டும். சமைக்கிற பெண்ணை அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாய் என்று எழுதட்டும். விதி அப்படித்தான் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் ஆளுக உட்கார வேண்டும், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிற உட்காரல் போதாது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் தலைவர் நாற்காலியில் யார் என்று மாணவர்கள் கணக்கெடுக்கலாம், பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

இந்த இதழைப் போன்ற இதழ்களுக்கு ஒரு வேலை. சாட்சியம் என்று நாம் இதுவரை வெளியிட்டதெல்லாம் பெரும்பாலும் பிள்ளைகளின் சாட்சியம். பெற்றவர்களின் சாட்சியத்தைத் தொகுப்போம். அளத்திலும் துறைமுகத்திலும் தீப்பெட்டி ஆபீசிலும் வாழைக்காட்டிலும் இருக்கிறவர்களிடம் போவோம். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுவோம், திருத்தாமல். கேள்விகள் எளிது. உங்க புள்ளையைப் பள்ளிக்கூடத்தில சேத்த அன்னைக்கு யார் கூட வந்தா? வாத்தியார் உங்களை உக்காரச் சொன்னாரா? மீட்டிங் போட்டா சொல்லி அனுப்புவாங்களா? புள்ளை வந்து ஒண்ணு சொல்லி, நீங்க கேக்கப் போகாம இருந்த நாள் உண்டா? ஏன் போகல?

கடைசிக் கேள்விக்குக் கிடைக்கிற பதில்களில்தான் நம் கிராமங்களின் சாதி வரலாறு முழுசாக இருக்கிறது. அந்தப் பதில்கள் அச்சேறும் நாளில், பெற்றோர் என்ற சொல் அதன் உண்மையான ஆட்களுக்குத் திரும்பி வரும்.